பிள்ளை, சூப்ரமணி, கோவெண்டர்: நம் பெயர் தாங்கிய தீர்ப்புகள்

தென்னாப்பிரிக்காவில் அரசியலமைப்புச் சட்டம் படிக்கிற எந்த மாணவரும், அவர் ஜூலுவாக இருந்தாலும் ஆஃப்ரிக்கானராக இருந்தாலும், சூப்ரமணி என்ற பெயரைத் தாண்டிப் போக முடியாது. பிள்ளை என்ற பெயரும் அப்படித்தான். வாரிசுரிமைச் சட்டம் பக்கம் போகிறவர்கள் கோவெண்டரையும் படித்தாக வேண்டும். மூன்றும் டர்பன் நீதிமன்றங்களில் தொடங்கிய வழக்குகள், மூன்றும் நம்மைப் போன்ற குடும்பங்களின் வீட்டு விஷயங்கள். ஆனால் டர்பனில் நம் ஆட்கள் வாழும் சாட்ஸ்வொர்த்திலோ மெர்பேங்கிலோ ஒரு கல்யாண வீட்டில் உட்கார்ந்து இதைப் பற்றிப் பேச்செடுத்தால், "ஓ, அந்த மூக்குத்தி கேஸ்" என்பதோடு பேச்சு வேறு பக்கம் போய்விடுகிறது. எனக்கு அது வருத்தம். இந்த நாட்டு நீதிமன்றங்கள் எப்படி யோசிக்கின்றன என்பதில் பாதி இந்த மூன்று வழக்குகளுக்குள்ளேயே இருக்கிறது. நான் வக்கீல் இல்லை, வக்கீல்களுக்காக எழுதவும் இல்லை. பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு கடிதம் வந்தால் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிற அம்மா அப்பாக்களுக்காகவும், ஆஸ்பத்திரியில் "முடியாது" என்று சொன்னதும் தலையைக் குனிந்துகொண்டு வீட்டுக்குத் திரும்புகிற பெரியவர்களுக்காகவும்தான் எழுதுகிறேன்.

பழைய கதை கொஞ்சம் தெரிந்தால்தான் புதியதன் அருமை புரியும். 1994க்கு முன்னால் இங்கே நாடாளுமன்றம் வைத்ததுதான் சட்டம். நீதிபதி அந்தச் சட்டத்துக்குப் பொருள் சொல்லலாம், அது நியாயமா என்று கேட்க முடியாது. பிரிட்டிஷ்காரர்களிடமிருந்து வந்த இந்த நாடாளுமன்ற மேலாண்மைக் கோட்பாடு இங்கே என்ன செய்தது என்பதற்கு 1950களின் கேப் வாக்குரிமைச் சண்டை ஒன்றே போதும். கேப் மாகாணத்தில் 'கலர்ட்' (கலப்பினத்தவர்) என்று வகைப்படுத்தப்பட்ட மக்களைப் பொது வாக்காளர் பட்டியலிலிருந்து நீக்க 1951இல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். அப்படி நீக்குவதற்கு இரு அவைகளும் சேர்ந்து உட்கார்ந்து மூன்றில் இரண்டு பங்கு வாக்குகளோடு நிறைவேற்ற வேண்டும் என்று 1909ஆம் ஆண்டின் தென்னாப்பிரிக்கச் சட்டத்திலேயே இருந்தது, அதைச் செய்யவில்லை, அதனால் 1952இல் ஹாரிஸ் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லாது என்றது. உடனே அரசாங்கம் நாடாளுமன்றத்தையே ஒரு உயர்ந்த நீதிமன்றம் என்று அறிவித்து அந்தத் தீர்ப்பை மாற்றப் பார்த்தது. நீதிபதிகள் அதையும் தள்ளினார்கள். கடைசியில் செனட்டின் உறுப்பினர் எண்ணிக்கையை 48லிருந்து 89ஆக உயர்த்தித் தங்கள் ஆட்களால் நிரப்பி, நீதிபதிகளின் எண்ணிக்கையையும் கூட்டி, வேண்டியதைச் சாதித்துக்கொண்டார்கள். அதை நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டது. தலைகளைக் கூட்டிக்கொண்டு வந்தால் எதையும் செய்துவிடலாம் என்கிற நாட்டில் அரசியல் சட்டம் என்று ஒன்று இருந்ததாகவே எனக்குத் தோன்றவில்லை.

இப்போதைய அரசியலமைப்பு இதற்கு நேர் எதிர். 2ஆம் பிரிவு இதுதான் உச்ச சட்டம், இதற்கு முரணான எதுவும் செல்லாது என்கிறது. 172ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது: முரண் இருக்கிறது என்று கண்டால் நீதிமன்றம் அதைச் செல்லாது என்று அறிவித்தே ஆக வேண்டும், அறிவிக்கலாம் என்பதல்ல. உலகத்தில் வேறு எங்கும் சுலபத்தில் கேள்விப்படாத ஒன்றும் இங்கே நடந்தது. 1996 மே மாதம் மக்கள் பிரதிநிதிகள் நிறைவேற்றிய புதிய அரசியலமைப்பையே, முன்கூட்டி ஒப்புக்கொண்ட 34 கொள்கைகளோடு ஒத்துப்போகவில்லை என்று செப்டம்பரில் அரசியலமைப்பு நீதிமன்றம் திருப்பி அனுப்பியது. அரசியல் சட்டமே அரசியல் சட்டத்துக்கு முரண் என்றால் எப்படி என்று கேட்கலாம், ஆனால் அப்படித்தான் நடந்தது. திருத்தி மறுபடி அனுப்பினார்கள், டிசம்பர் 4 அன்று நீதிமன்றம் ஒப்புக்கொண்டது, டிசம்பர் 10 அன்று மண்டேலா ஷார்ப்வில்லில் கையெழுத்திட்டார்.

தமிழ்நாட்டிலிருந்து வரும் சொந்தக்காரர்கள் இந்திய உச்ச நீதிமன்றத்தின் கேசவானந்த பாரதி தீர்ப்பு மாதிரி இங்கே உண்டா, அடிப்படைக் கட்டமைப்பைத் தொடக்கூடாது என்கிற கோட்பாடு உண்டா என்று கேட்பார்கள். இங்கே நீதிமன்றம் அந்தக் கேள்வியை ஒன்றிரண்டு வழக்குகளில் தொட்டுப் பார்த்துவிட்டு முடிவு சொல்லாமலே வைத்திருக்கிறது. அவசரம் இல்லாததற்கு ஒரு காரணம் அரசியலமைப்பிலேயே இருக்கிறது: மனித மாண்பு, சமத்துவம், சட்டத்தின் ஆட்சி இவற்றைச் சொல்லும் முதல் பிரிவை மாற்ற வேண்டுமானால் தேசிய அவையில் 75 சதவீதமும் ஒன்பது மாகாணங்களில் ஆறும் சேர வேண்டும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். விட்ஸ் பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியர் எட்டியென் முரெய்னிக் 1994இல் ஒரு கருத்தைச் சொன்னார். அதிகாரம் கட்டளையிடுகிற பண்பாட்டிலிருந்து, அதிகாரம் தன் செயலுக்குக் காரணம் காட்டியே தீர வேண்டிய பண்பாட்டுக்கு இந்த நாடு கடக்க வேண்டும் என்பது அதன் சாரம். இங்கே பிறகு வளர்ந்த முக்கியமான கோட்பாடுகள் எல்லாவற்றுக்கும் வேர் இதுதான் என்று நான் நம்புகிறேன். ஆளுகிறவரைப் பார்த்து "ஏன்?" என்று கேட்கலாம், அவர் பதில் சொல்ல வேண்டும். 1995 ஜூன் 6 அன்று மக்வான்யானே வழக்கில் பதினொரு நீதிபதிகளும் சேர்ந்து மரண தண்டனையை ஒழித்தபோது செய்ததும் அதுதான். பெரும்பான்மை மக்கள் தூக்குத் தண்டனை வேண்டும் என்றுதான் நினைக்கிறார்கள் என்று வைத்துக்கொண்டாலும் அது மட்டும் காரணம் ஆகாது, ஆயுள் சிறையைவிடத் தூக்கு குற்றத்தைத் தடுக்கிறது என்று அரசு காட்ட வேண்டும், காட்டவில்லை என்றார்கள். இன்று இது 36ஆம் பிரிவில் இருக்கிறது. ஒரு உரிமையைக் குறைக்க வேண்டுமானால் நோக்கம் என்ன, அந்த நோக்கத்துக்கும் குறைப்புக்கும் என்ன தொடர்பு, இதைவிடக் குறைவாக வலிக்கிற வழி இல்லையா என்று ஒவ்வொன்றாகக் கேட்பார்கள்.

இப்போது கோவெண்டர். இதைச் சொல்ல 1913க்குப் போக வேண்டும். அந்த வருடம் மார்ச் 14 அன்று கேப் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி சர்ல் ஒரு முஸ்லிம் பெண்ணின் வழக்கில், பலதார மணத்தை அனுமதிக்கும் மதத்தின்படி நடந்த திருமணத்தை இந்நாட்டுச் சட்டம் ஏற்காது என்று தீர்ப்பளித்தார். அதே தர்க்கத்தில் இந்துத் திருமணங்களும் விழுந்தன. தாலி கட்டிக் குடும்பம் நடத்திய நம் பெண்கள் ஒரே நாளில் சட்டத்தின் கண்ணில் மனைவிகளே இல்லை என்றாகிவிட்டார்கள். அதுவரை ஆண்கள் மட்டுமே சிறை சென்ற சத்தியாகிரகத்தில் பெண்கள் இறங்கியதற்கு அந்தத் தீர்ப்பு ஒரு பெரிய காரணம். தில்லையாடி வள்ளியம்மை அந்தப் போராட்டத்தில்தான் பீட்டர்மாரிட்ஸ்பர்க் சிறைக்குப் போய், நோயோடு வெளியே வந்து, 1914 பிப்ரவரி 22 அன்று பதினாறு வயதில் இறந்தார். அவருடைய கல்லறை ஜோகன்னஸ்பர்க்கில் பிராம்ஃபொன்டெயின் மயானத்தில் இருக்கிறது. இன்றைய அரசியலமைப்பு நீதிமன்றமும் அதே பிராம்ஃபொன்டெயினில்தான் இருக்கிறது, காந்தியை 1908இல் அடைத்து வைத்த பழைய கோட்டைச் சிறை வளாகத்தில், விசாரணைக் கைதிகளை வைத்திருந்த கட்டடத்தை இடித்த செங்கற்களையும் சேர்த்துக் கட்டியது. ஜோகன்னஸ்பர்க் போகிறவர்கள் இரண்டு இடங்களையும் ஒரே நாளில் பார்த்துவிட்டு வாருங்கள்.

1914இல் கொஞ்சம் நிவாரணம் கிடைத்தது உண்மைதான். ஆனாலும் கோயிலில் மட்டும் தாலி கட்டி, அரசுப் பதிவு செய்யாத திருமணம் என்றால் சிக்கல் நூறு வருடம் நெருங்கும்வரை தொடர்ந்தது. கணவர் உயில் எழுதாமல் இறந்துபோனால், பதிவு இல்லாத மனைவிக்கு வாரிசு என்ற இடம் இல்லை, பிள்ளைகள் இல்லாவிட்டால் சொத்து கணவருடைய பெற்றோருக்குப் போகும். கோவெண்டர் வழக்கில் 2008இல் டர்பன் உயர்நீதிமன்றத்தின் முன் வந்தது இந்த நிலைமைதான். வாரிசுரிமைச் சட்டத்தில் வரும் 'வாழ்க்கைத்துணை' என்பதில் இந்து முறைப்படி ஒருவனுக்கு ஒருத்தியாக மணந்த துணையும் அடங்கும் என்று நீதிமன்றம் சொன்னது. அதற்கு முன்னால் 2004இல் டேனியல்ஸ் வழக்கில் ஒரு முஸ்லிம் மனைவிக்கு அரசியலமைப்பு நீதிமன்றம் போட்டுக்கொடுத்த பாதை அது. திருமண நிலையை வைத்தும் மதத்தை வைத்தும் பாகுபாடு காட்டினால் அது அநியாயமான பாகுபாடு என்றே முதலில் கொள்ளப்படும், இல்லை என்று காட்டுவது எதிராளியின் பொறுப்பு என்ற சமத்துவக் கோட்பாடு இதற்குப் பின்னால் நிற்கிறது. ஆனால் தயவுசெய்து, தீர்ப்பு இருக்கிறதே என்று பதிவை விட்டுவிடாதீர்கள். உயிலும் எழுதுங்கள். அந்தப் பெண் நீதிமன்றம் ஏறி இறங்கித்தான் தன் இடத்தைப் பெற வேண்டியிருந்தது.

பிள்ளை வழக்கு இந்த மூன்றில் எனக்கு மிகவும் பிடித்தது. 2004இல் டர்பனில் ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளி மாணவி செப்டம்பர் விடுமுறையில் அம்மாவின் சம்மதத்தோடு மூக்கு குத்திக்கொண்டு வந்தாள். பள்ளியின் நடத்தை விதிப்படி காதில் ஒரு சின்னத் தோடு போடலாம், கைக்கடிகாரம் கட்டலாம், வேறு நகை கூடாது. கழற்றச் சொன்னார்கள். இது எங்கள் தென்னிந்தியக் குடும்ப வழக்கம், பெண் பெரியவளானதற்கு அடையாளம், பதினாறு வயதில் பாட்டி இந்தத் தங்க மூக்குத்தியை எடுத்துவிட்டு வைரம் போட்டு ஆசீர்வதிப்பார் என்று அம்மா எழுதிக் கொடுத்தார். பாகுபாட்டுப் புகார்களை விசாரிக்கும் சமத்துவ நீதிமன்றம் பள்ளி பக்கம் நின்றது, பீட்டர்மாரிட்ஸ்பர்க் உயர்நீதிமன்றம் அம்மா பக்கம் நின்றது, கடைசியில் 2007 அக்டோபர் 5 அன்று தலைமை நீதிபதி பியஸ் லங்கா தீர்ப்பு எழுதினார். அதற்குள் அந்தப் பெண் பள்ளியை விட்டே போய்விட்டாள். இருந்தாலும் மற்றப் பிள்ளைகளுக்காகச் சொல்லியே ஆக வேண்டும் என்று நீதிமன்றம் எடுத்துக்கொண்டது.

விதி எல்லோருக்கும் ஒன்றுதானே, இதில் பாகுபாடு எங்கே என்பது பள்ளியின் வாதம். லங்கா அதை அவிழ்த்துக் காட்டிய விதம் அழகு. காதுத் தோட்டை அனுமதித்து மூக்குத்தியைத் தடுக்கிற விதி நடுநிலையானது போலத் தெரியும், ஆனால் காலங்காலமாக யாருடைய அலங்காரம் இயல்பானது என்று எண்ணப்பட்டதோ அவர்களுக்கு அந்த விதியால் ஒரு தொந்தரவும் இல்லை, தொந்தரவெல்லாம் வெளியே நிற்பவர்களுக்குத்தான். அப்புறம், பள்ளி விட்டதும் மாட்டிக்கொள்ளட்டுமே என்ற யோசனையையும் அவர் ஏற்கவில்லை, அது உன் பண்பாட்டுக்கு இங்கே இடமில்லை என்று பிள்ளைக்குச் சொல்வதாகும் என்றார். மூக்குத்தியால் ஒழுங்கோ படிப்போ கெட்டது என்பதற்குப் பள்ளியால் எதையும் காட்ட முடியவில்லை. இதிலிருந்து வந்ததுதான் நியாயமான அளவுக்கு இடம்கொடுக்க வேண்டும் என்ற கோட்பாடு. வேறுபட்டவர் தன் வாழ்க்கையை முழுதாக வாழ்வதற்காக மற்றவர்கள் கொஞ்சம் சிரமத்தையும் செலவையும் ஏற்க வேண்டும். எவ்வளவு என்பது வழக்குக்கு வழக்கு மாறும், ஒன்றுமே ஏற்க மாட்டேன் என்று சொல்ல முடியாது. இன்று மூக்குத்தி, நாளைக்கு வேறொருவர் வேறொன்றோடு வருவாரே என்ற பயத்துக்கும் அவர் பதில் சொன்னார்: வரட்டும், அந்தப் பன்மை பள்ளிகளையும் நாட்டையும் வளப்படுத்தும்.

இந்தியாவில் படித்தவர்கள் இங்கே ஒரு வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். அங்கே 1954ஆம் ஆண்டு ஷிரூர் மடம் வழக்கிலிருந்து, ஒரு வழக்கம் அந்த மதத்துக்கு இன்றியமையாததா என்று நீதிமன்றமே ஆராய்கிறது. சாஸ்திரத்தில் இருக்கிறதா, கட்டாயமா என்று நீதிபதிகள் தேடுகிறார்கள். இங்கே பிள்ளை வழக்கில் அந்த அம்மாவே ஒப்புக்கொண்டார், மூக்குத்தி கட்டாயமில்லை என்று. லங்கா சொன்னது, கட்டாயமில்லாமல் ஒருவர் தானாக விரும்பிக் கடைப்பிடிக்கும் வழக்கத்துக்கும் பாதுகாப்பு உண்டு, மனப்பூர்வமாக அதை மதிக்கிறாரா என்பதே கேள்வி. எனக்கு இந்த வழிதான் சரி என்று படுகிறது. நம் பாட்டிமார்கள் செய்த பாதி விஷயம் எந்த ஆகமத்திலும் இருக்காது, புரட்டாசி விரதத்தை ஒவ்வொரு வீடும் ஒவ்வொரு மாதிரிப் பிடிக்கும், அதனால் அது பொய்யாகிவிடுமா? ஆனால் இந்தப் பெருந்தன்மை எல்லோருக்கும் ஒரே அளவில் கிடைத்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். 2002இல் பிரின்ஸ் வழக்கில் ராஸ்டஃபாரி என்ற மதத்தைச் சேர்ந்த ஒருவர் தன் வழிபாட்டில் கஞ்சாவைப் பயன்படுத்த விதிவிலக்கு கேட்டு, ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தோற்றார். அந்த நான்கு பேர் பக்கம்தான் நியாயம் இருந்தது என்று நினைக்கிறேன்.

சூப்ரமணி வழக்கைப் படிக்கும்போது மட்டும் மனசு கனக்கிறது. வயது 41, வேலை இல்லை, சர்க்கரை நோய், இதய நோய், 1996இல் பக்கவாதம், அதே வருடம் கிட்னியும் போய்விட்டது. சர்க்கரை இல்லாத வீடு நம்மில் எத்தனை இருக்கிறது, அதனால் இது யாரோ ஒருவருடைய கதை இல்லை. தனியார் டயாலிசிஸுக்குப் பணம் தீர்ந்ததும் டர்பன் அடிங்டன் அரசு மருத்துவமனையைக் கேட்டார். அங்கே இருந்தது 20 இயந்திரங்கள், அவற்றில் சில பழுது. கிட்னி மாற்று அறுவைக்குத் தகுதியானவர்களுக்கே நீண்டகால டயாலிசிஸ் என்று மருத்துவமனை ஒரு வரையறை வைத்திருந்தது. இதய நோய் இருந்ததால் அவருக்கு அந்தத் தகுதி இல்லை. அவசர சிகிச்சையை யாருக்கும் மறுக்கக்கூடாது என்று 27ஆம் பிரிவு சொல்கிறதே, உயிர்வாழும் உரிமை இருக்கிறதே என்று நீதிமன்றம் போனார். 1997 நவம்பர் 27 அன்று அரசியலமைப்பு நீதிமன்றம் மறுத்தது. அவசரம் என்பது திடீரென்று வரும் ஆபத்து, வாரத்துக்கு இரண்டு மூன்று முறை என்று ஆயுள் முழுக்கத் தேவைப்படும் சிகிச்சை அதில் வராது, இருக்கிற பணத்தை எப்படிப் பங்கிடுவது என்று மருத்துவர்களும் மாகாண அரசும் நல்லெண்ணத்தோடு அறிவுபூர்வமாக எடுத்த முடிவில் தலையிட மாட்டோம் என்றார்கள். தீர்ப்பு வந்த சில நாட்களிலேயே அவர் இறந்துபோனார்.

இயந்திரம் இருபதுதான், இவருக்குக் கொடுத்தால் இன்னொருவருக்கு இல்லை, அந்தக் கணக்கை நான் மறுக்கவில்லை. நீதிபதிகள் கல்நெஞ்சக்காரர்களும் இல்லை, தீர்ப்பில் அந்த வேதனை தெரிகிறது. என் மனத்தாங்கல் வேறு. "ஏன்?" என்ற கேள்வியை மருத்துவமனை வாசலில் கேட்டுவிட்டு நிறுத்திக்கொண்டார்கள். இயந்திரம் ஏன் இருபதுதான் இருக்கிறது, பழுதானவை ஏன் பழுதாகவே கிடக்கின்றன என்று கருவூலத்தின் வாசலில் கேட்கவில்லை.

மூன்று வருடம் கழித்து நீதிமன்றம் அதைவிடக் கடுமையாகக் கேட்கக் கற்றுக்கொண்டது. 2000 அக்டோபரில் வந்த குரூட்பூம் தீர்ப்பை எழுதியவர் நம் டர்பனைச் சேர்ந்த, சிறு வயதிலேயே பார்வையிழந்த நீதிபதி ஸாக் யாக்கூப். கேப் டவுன் அருகே வாலஸ்டீனில் வீடில்லாமல் விளையாட்டு மைதானத்தில் தங்கியிருந்த பெரியவர்களும் குழந்தைகளும் தொடுத்த வழக்கு அது. அரசுத் திட்டம் நன்றாக எழுதப்பட்டிருந்தால் போதாது, மிக மோசமான நிலையில் இருப்பவர்களை விட்டுவிடுகிற திட்டம் நியாயமான திட்டமே அல்ல என்று சொல்லி, நியாயத்தன்மைக் கோட்பாட்டுக்கு அவர் பல் முளைக்க வைத்தார். 2002இல், எச்ஐவி தாயிடமிருந்து குழந்தைக்குப் போகாமல் தடுக்கும் நெவிரபின் மருந்தை மாகாணத்துக்கு இரண்டு இடங்களில் மட்டும் தருவோம் என்ற அரசிடம், மருந்தை நிறுவனம் இலவசமாகத் தர முன்வந்திருக்கும்போது மற்ற இடங்களில் ஏன் இல்லை என்று கேட்டது. சரியான பதில் இல்லை, அரசு தோற்றது.

ஆனால் குறைந்தபட்சம் இவ்வளவு ஒவ்வொருவருக்கும் உண்டு என்று ஒரு அளவைச் சொல்ல மட்டும் இந்த நீதிமன்றம் மறுத்தே வருகிறது. 2009இல் மசிபுகோ வழக்கில் சொவெட்டோவின் ஃபிரி பகுதி மக்கள் ஆளுக்கு ஒரு நாளைக்கு 50 லிட்டர் தண்ணீர் கேட்டார்கள், நகராட்சி கணக்குப்படி கிடைத்தது 25 லிட்டர். அளவைச் சொல்வது எங்கள் வேலை இல்லை என்றது நீதிமன்றம். நான் இதில் அந்த மக்கள் பக்கம். கழிப்பறையில் ஊற்ற எத்தனை லிட்டர் வேண்டும் என்பது தெரிந்துகொள்ள முடியாத ரகசியம் இல்லை. வழக்கு நடந்த காலத்தில் நகராட்சி தன் திட்டத்தைத் திரும்பத் திரும்பத் திருத்த வேண்டியிருந்தது என்று நீதிமன்றம் எடுத்துக்காட்டியது சரிதான், கேள்வி கேட்டதாலேயே கொஞ்சம் நல்லது நடந்தது. ஆனாலும் அது போதாது.

நம் ஆட்களில் சிலர் குடிசைவாசிகள் என்றாலே முகம் சுளிப்பதைப் பார்த்திருக்கிறேன், அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். அதே 2009இல் குவாஸூலு-நடால் அரசின் குடிசை ஒழிப்புச் சட்டத்தில் மக்களை வெளியேற்ற வைக்கும் பிரிவை அரசியலமைப்பு நீதிமன்றத்தில் உடைத்தது அபஹ்லாலி பாசெம்ஜொண்டோலோ இயக்கம். கிளேர் எஸ்டேட்டில் நம் வீடுகளுக்குப் பக்கத்திலேயே இருக்கும் கென்னடி ரோடு குடிசைகளில் பிறந்த இயக்கம் அது. இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த குழு இடப் பிரிவினைச் சட்டத்தின் பெயரால் காட்டோ மேனரிலிருந்து லாரியில் ஏற்றி அனுப்பப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். யாரையும் வீட்டைவிட்டு அனுப்புமுன் அவர்களோடு உட்கார்ந்து மனம்விட்டுப் பேச வேண்டும் என்று 2008இல் ஒலிவியா ரோடு வழக்கில் நீதிமன்றம் சொன்னதை நம்மைவிட யார் வரவேற்க வேண்டும்?

கடைசியாக, கையில் பிடித்துக்கொள்ள வேண்டிய விஷயங்கள். போன தைப்பூசத்தின்போது, காவடி எடுத்த பையன் கையில் கட்டிய கயிற்றை அவிழ்க்கச் சொல்லி ஒரு பள்ளியிலிருந்து கடிதம் வந்ததாக ஒரு அக்கா கோயிலில் சொன்னார். அவிழ்த்துவிட்டதாகவும் சொன்னார். அவிழ்க்குமுன் செய்ய வேண்டியது, பள்ளி நிர்வாகக் குழுவுக்கு விதிவிலக்கு கேட்டு எழுத்தில் ஒரு விண்ணப்பம்: எங்கள் குடும்பத்துக்கு இது ஏன் முக்கியம், எத்தனை நாளைக்குக் கட்டியிருப்பான், இதனால் படிப்புக்கு என்ன இடைஞ்சல் என்று கருதுகிறீர்கள். பிள்ளை வழக்கையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுங்கள். மறுத்தால் சமத்துவ நீதிமன்றம் இருக்கிறது. மாஜிஸ்திரேட் நீதிமன்றத்திலேயே போய்ப் புகார் கொடுக்கலாம், வக்கீல் கட்டாயமில்லை. பாகுபாடு நடந்திருக்கிறது என்று முதல் பார்வைக்குத் தெரிகிற அளவுக்கு நீங்கள் காட்டினால், அதற்கு மேல் விளக்கம் சொல்ல வேண்டியது அவர்கள்தான்.

மருத்துவமனை, நகராட்சி, உள்துறை அலுவலகம் என்று எந்த அரசு இடத்தில் உங்கள் உரிமையைப் பாதிக்கும் முடிவு எடுத்தாலும், 33ஆம் பிரிவும் அதன்கீழ் வந்த 2000ஆம் ஆண்டு நிர்வாக நீதிச் சட்டமும் (PAJA) உங்களுக்கு எழுத்தில் காரணம் கேட்கும் உரிமை தருகின்றன. முடிவு தெரிந்த நாளிலிருந்து 90 நாட்களுக்குள் கேட்க வேண்டும், கேட்ட 90 நாட்களுக்குள் அவர்கள் தர வேண்டும். தரவில்லை என்றால், மறுத்ததற்குத் தகுந்த காரணம் இல்லை என்றே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும், அப்படி இல்லை என்று காட்டுவது அவர்கள் பாடு. கடிதத்தை ஆங்கிலத்தில் எழுத உதவி தேவைப்பட்டால் பின்னூட்டத்தில் கேளுங்கள், மாதிரி ஒன்றை அடுத்த வாரம் போடுகிறேன்.